ஓபன் சைட்டா, ஸ்கோப்பா? மருமகன் கேட்ட கேள்வியும் மச்சான் வாங்கி வந்த பெட்டியும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம், பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோவிலூரிலிருந்து பேசுறேன். பின்னாடி மயில் சத்தம் கேட்டால் மன்னிச்சுக்கோங்க, ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்கலை.

போன மாசம் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், ஒரு பெட்டியோடு வந்தார். ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கின ஸ்கோப். அவர் பையன், என் மருமகன், பத்தாவது படிக்கிறான், ரைபிள் கிளப்பில் சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. பெட்டியைப் பிரிச்சதும் அவன் கேட்டது ஒண்ணு: "மாமா, போட்டிக்கு இதை மாட்டலாமா? இல்ல, இருக்கிற ஓபன் சைட்டே போதுமா?" மச்சான் கேட்டது வேற: "மாப்ள, இதை ஐயா வச்சிருந்த துப்பாக்கியில மாட்டினா கடலைக்காட்டுல பன்னியைத் தட்டிரலாம்ல?"

ஒரே பெட்டி, ரெண்டு கேள்வி. இந்த எபிசோடு முழுக்க இதுக்கான பதில்தான். மச்சான் கேட்டதை முதலில் முடிச்சிடுறேன்.

முதலில் சட்டம்

இந்தியாவில் வேட்டை கிடையாது. 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை பண்ணிடுச்சு. வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்குங்கிறதால் மானையோ பன்றியையோ சுடும் உரிமை வந்துடாது. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் வனவிலங்கைச் சுட தனி அனுமதி வேணும். ஏர் கன்னில் புறாவையும் கொக்கையும் அடிக்கிறதும் இதில்தான் வரும். லைசென்ஸ் தேவையில்லாத ஏர் கன் என்றால் எதையும் சுடலாம்னு நினைக்கிறவங்க நம்ம பக்கம் நிறைய. தப்பு.

பன்றித் தொல்லை பொய்யில்லை. ஒரு ராத்திரியில் அரை ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டதை நானே பார்த்திருக்கேன். மச்சானுக்கு அந்த வருஷம் விதைக்காசு கூட மிஞ்சலை. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதுக்கு வழி வேற. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஒரு முறையை அறிவிச்சது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒண்ணிலிருந்து மூணு கிலோமீட்டர் வரை கூண்டு வச்சுப் பிடிக்கணும். மூணு கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான். கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களைப் பயன்படுத்துற ஏற்பாடு இருக்கு. இங்கே அப்படி இல்லை. அதனால் மச்சானை மனு எழுதச் சொன்னேன், எழுதிக்கொடுத்தும் விட்டேன். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வாங்கிக்கிட்டார்.

ஐயா துப்பாக்கியில் ஸ்கோப் மாட்டுறதுக்கும் அர்த்தமில்லை. அது ஒத்தக்குழல், ரவை போட்டுச் சுடுறது. செட்டிநாட்டு வீடுகளில் காவலுக்கு வச்சிருந்த அதே வகை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைச்சுட்டு, முடிஞ்சதும் ரசீதைக் காட்டி வாங்கிட்டு வருவோம். அதன் வாழ்நாளில் போன தூரம் பெரும்பாலும் அதுதான். ரவை பரவிப் போற ஆயுதம். குழல் முனையில் இருக்கிற சின்னக் குமிழே அதுக்குப் போதும்.

ஓபன் சைட் எப்படி வேலை செய்யுது

இப்போ மருமகன் கேள்வி. ஓபன் சைட் என்றால் குழல் முனையில் ஒரு முள், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு வச்ச தகடு. வெட்டின் நடுவில் முள் நிக்கணும், ரெண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கணும், அதுக்கு மேலே இலக்கு.

இங்கே கண்ணுக்கு மூணு வேலை. தகடு பக்கத்தில், முள் கொஞ்சம் தள்ளி, இலக்கு தூரத்தில். நம்ம கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் துல்லியமாகப் பார்க்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் இலக்கைப் பார்ப்பாங்க. பார்க்க வேண்டியது முள்ளை. இலக்கு மங்கலாகத் தெரிஞ்சால் பரவாயில்லை.

ஏன்? ஒரு சின்னக் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் 50 சென்டிமீட்டர்னு வைங்க. முள் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு 10 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். 50 மீட்டரில் 5 சென்டிமீட்டர். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்பது ஒரு சாதாரண ஊசியின் தடிமன் கூட இல்லை. இலக்கை லேசா மங்கலாகப் பார்க்கிறதால் வர்ற தப்பு இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

இன்னொண்ணு வெயில். நம்ம ஊர் வெயில் ஒரு பக்கமாக முள்ளில் பட்டால் அந்தப் பக்கம் பளபளக்கும், கண் பளபளக்கிற ஓரத்தை விட்டுட்டு மீதியை முள்ளுன்னு எடுத்துக்கும், குண்டு விலகும். அதுக்குப் பழைய வைத்தியம் கரி. ஒரு சூடத்தை ஏத்தி அந்தப் புகையில் முள்ளைக் காட்டினால் கறுப்பாகப் படியும், பளபளப்பு போயிடும். துப்பாக்கியில் எதுவும் போட்டில்லைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு இதைச் செய்யுங்க.

சைட்டைத் திருத்துறதுக்கு ஒரே விதியை ஞாபகம் வச்சா போதும். குண்டு எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்தணும். முன் சைட்டை நகர்த்துறதாக இருந்தால் அதுக்கு நேர் எதிர்.

நடுவில் ஒரு வகை: பீப் சைட்

ஓபன் சைட்டுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் மூணாவது ஒண்ணு இருக்கு, பீப் சைட். பின் தகட்டில் வெட்டுக்குப் பதில் ஒரு சின்ன ஓட்டை. பஸ் போர்டு தெரியலைன்னா கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறோமே, அதே வித்தைதான். சின்ன ஓட்டை வழியாக வர்ற வெளிச்சத்தில் பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஓரளவு சேர்ந்தே தெளியும். ஓட்டையின் நடுவைக் கண் தானாகவே பிடிச்சுக்கும். லென்ஸ் வச்சுப் பெரிசாக்கிக் காட்டுற வேலையே இல்லை.

உலகத்தில் மிகத் துல்லியமாகச் சுடுறவங்க இதைத்தான் வச்சிருக்காங்க. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கின அபினவ் பிந்த்ரா, 2012 லண்டனில் வெண்கலம் வாங்கின, சென்னையில் பிறந்த ககன் நாரங், கடலூரில் பிறந்து டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போன இளவேனில் வாலறிவன், எல்லாரும் இறங்கினது 10 மீட்டர் ஏர் ரைபிளில். அதில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை வச்சு, அரை மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியை அடிக்கிறாங்க. வெறும் ஓட்டையும் வளையமும்தான் துணை.

நம்ம நாட்டுப் போட்டிகளில் அதுக்கு முந்தின படியாக ஓபன் சைட் ஏர் ரைபிள்னு தனிப் பிரிவே இருக்கு. மருமகன் பேர் கொடுத்திருக்கிறது அதில். அப்போ அவன் கேள்விக்கு விதியே பதில் சொல்லிடுச்சு. ஸ்கோப் மாட்டிட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

ஸ்கோப் தர்றது என்ன, கேட்கிறது என்ன

ஆனாலும் அவன் விடலை. "போட்டிக்கு வேணாம் மாமா, பழகுறதுக்கு?" சரி, ஸ்கோப்பையும் நியாயமாப் பார்ப்போம்.

ஸ்கோப்பின் பெரிய வரம் உருப்பெருக்கம் இல்லை. குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியுதே, அதுதான். கண்ணுக்கு மூணு வேலை இருந்தது ஒண்ணாகிடுது. நாற்பதைத் தாண்டினவங்களுக்கு இது பெரிய விஷயம். எனக்கு இப்போ நாற்பத்தெட்டு. முள் ரெண்டாகத் தெரிய ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு. பேப்பர் படிக்கக் கண்ணாடி போட்டால் முள் தெரியும், இலக்கு காணாமல் போயிடும். கழட்டினால் நேர்மாறு. என் வயசுக்காரர் யாராவது ஸ்கோப் வாங்கினால் நான் கேலி பண்ண மாட்டேன்.

ரெண்டாவது வரம் வெளிச்சம். ஸ்கோப்பில் 4x40, 3-9x40 என்று போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிசாக்கும் என்பது, பின்னால் வர்றது முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். ரெண்டாவதை முதலாவதால் வகுங்க. 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10, 9-ஆல் வகுத்தால் நாலரைக்குக் கொஞ்சம் கம்மி. கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டத்தின் அளவு அது. இருட்டில் இளவயசுக் கண்ணின் பாப்பா 7 மில்லிமீட்டர் வரை விரியும். அதனால் மசமசன்னு இருக்கிற சாயங்கால நேரத்தில் 9-ல் வச்சால் படம் மங்கும், 4-க்கு இறக்கினால் தெளியும். கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டித்தான் விப்பார். உங்களுக்கு வேலை செய்யப் போறது பெரும்பாலும் சின்ன எண்.

இனி ஸ்கோப் நம்மகிட்ட கேட்கிறது.

ஒண்ணு, ஸ்ப்ரிங் ஏர் ரைபிளின் உதறல். நம்ம ஊரில் அதிகம் விக்கிறது மடக்கி ஸ்ப்ரிங் ஏத்துற வகை. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நிக்கும்போது முன்னால் உதறும். பெரிய ரைபிள் கூடப் பின்னால் மட்டும்தான் உதைக்கும். அதுக்காகச் செஞ்ச நல்ல ஸ்கோப்பே இந்த முன்னுதறலில் உள்ளே கண்ணாடி கழண்டு போறது உண்டு. ஏர் கன்னுக்குத் தாங்கும்னு எழுதியிருக்கான்னு பார்த்து வாங்கணும். மச்சான் பெட்டியில் அப்படி எதுவும் எழுதலை.

ரெண்டு, பேரலக்ஸ். கண்ணை லேசா அசைச்சால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும். பல ஸ்கோப்புகளைச் சுமார் 100 கெஜத்துக்குச் சரிபண்ணி அனுப்புறாங்க. 10 மீட்டரில் அதே ஸ்கோப் படத்தையும் மங்கலாக்கும், குறியையும் தள்ளும். 10 மீட்டருக்குத் திருப்பி வைக்கிற வளையம் இருந்தால்தான் ஏர் ரைபிளுக்கு உதவும்.

மூணு, உயரம். ஸ்கோப் குழலுக்கு மேலே நாலைஞ்சு சென்டிமீட்டர் உயரத்தில் உட்காருது. தூரத்துக்குச் சரிபண்ணின ஸ்கோப்பில் ரொம்பப் பக்கத்தில் சுட்டால் குண்டு குறிக்குக் கீழேதான் படும்.

நாலு, கிளிக். நிறைய ஸ்கோப்பில் ஒரு கிளிக் திருகினால் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகரும். அப்போ 10 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. ஒரு சென்டிமீட்டர் நகர்த்த 14 கிளிக் வேணும். இது தெரியாமல் நாலு கிளிக் திருகிட்டு "ஸ்கோப் வேலை செய்யலை"ன்னு திருப்பி அனுப்புறவங்க இருக்காங்க.

வேட்டைக்காரர்கள் எதை வச்சிருந்தார்கள்

இதைக் கேட்கிறவங்களில் சிலர் பழைய வேட்டைக் கதைகளைப் படிச்சுட்டு வந்தவங்களாக இருப்பீங்க. கென்னத் ஆண்டர்சன் பெங்களூருக்காரர். சேலம், தர்மபுரிக் காடுகளில், பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கமெல்லாம் ஆட்கொல்லிகளைத் தேடி அலைஞ்சவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், ஓபன் சைட். ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் சுட்டதுக்குப் பரிசாகக் கிடைச்ச .275 ரிக்பியும் ஓபன் சைட்தான்.

அவங்க ஸ்கோப்பை வெறுத்தவங்கன்னு எடுத்துக்க வேண்டாம். அவங்க சுட்ட தூரத்தைப் பாருங்க. பரண் மேலே உட்கார்ந்து கீழே வர்ற விலங்கு, புதருக்குள் இருந்து பாயுற விலங்கு. பத்தோ முப்பதோ மீட்டர். அந்தத் தூரத்தில் ஒன்பது மடங்கு பெரிசாகக் காட்டினால் தெரியுறது வெறும் ரோமம், தலை எது தோள் எதுன்னு புரியாது. 100 மீட்டர் தள்ளிப் பார்த்தாலே 9 மடங்கில் நாலு மீட்டர் அகலம்தான் கண்ணில் படும். பாயுற மிருகத்தை அந்த ஜன்னலுக்குள் தேடிப் பிடிக்கிறதுக்குள் அது ஆளைப் பிடிச்சுடும். ராத்திரிக்கு ஆண்டர்சன் துப்பாக்கியில் டார்ச் கட்டிக்கிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது வெளிச்சம்.

1939-40-ல் பின்லாந்துப் போரில் பேர் வாங்கின சிமோ ஹைஹாவும் ஓபன் சைட்தான் வச்சிருந்தார். ஸ்கோப் வச்சால் தலையை மேலே தூக்கணும், கண்ணாடி வெயிலில் மின்னும், ஆள் இருக்கிற இடம் தெரிஞ்சுடும்.

வேட்டைக்கு அனுமதி இருக்கிற நாடுகளில், திறந்த வெளியில் 100, 150 மீட்டரில் மானைச் சுடுறவங்க ஸ்கோப் வைக்கிறதுக்கு நல்ல காரணம் இருக்கு. சரியான இடத்தில் படலைன்னா அந்த மிருகம் ரெண்டு நாள் துடிச்சுச் சாகும். அடர்ந்த காட்டில், முட்டிக்கிட்டு வர்ற பன்றிக்கு, ஓபன் சைட்டோ ஒண்ணிலிருந்து நாலு மடங்கு ஸ்கோப்போ வைக்கிறாங்க. அதனால் எனக்கு முதல் கேள்வி எப்பவும் தூரம், ரெண்டாவது வெளிச்சம், மூணாவது கண்ணின் வயசு. விலை அதுக்கு அப்புறம்தான்.

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது

இது வரை சொன்னதெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்லலாம். இப்போ சொல்லப் போறதை மருமகனிடம் போன மாசம்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.

எனக்கு இருபத்தாறு வயசு. ஏர் ரைபிளில் முதல் ஸ்கோப் மாட்டின வாரம். எங்க தோப்பில் கொட்டாங்கச்சியை வரிசையாக வச்சுச் சுட்டுக்கிட்டு இருந்தேன். பொழுது சாயுற நேரம். கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலத்துக்குள் ஏதோ அசைஞ்சது. நாய்ன்னு நினைச்சேன். என்னன்னு பார்க்க, கையில் இருந்ததைத் தூக்கிக் கண்ணில் வச்சேன். பெல்லட் உள்ளே இருக்கு.

குறுக்குக்கோட்டில் தெரிஞ்சது ஒரு முகம். விறகு வெட்ட வந்த ஆச்சி, எங்க வீட்டுக்கு மோர் கொண்டு வர்றவங்க. வியர்வையைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நெத்திப் பொட்டு வரைக்கும் தெரிஞ்சது. அவங்க என்னைப் பார்க்கவே இல்லை. விறகைக் கட்டித் தலையில் ஏத்திட்டுப் போயிட்டாங்க.

என் விரல் விசைக்கு வெளியே இருந்ததா, உள்ளே இருந்ததான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் வரலை. அதை நினைச்சால்தான் இப்பவும் வயிறு கலங்குது. மறுநாள் காலையில் அவங்க மோர் ஊத்தும்போது, "என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"ன்னு கேட்டாங்க. காய்ச்சல்னு சொன்னேன். கடைசி வரை அவங்ககிட்ட நான் அதைச் சொல்லலை. ஒரு வருஷம் அந்த ஸ்கோப்பைத் தொடவும் இல்லை.

ஓபன் சைட்டில் இந்தத் தப்பு நடக்காதுன்னு சொல்ல மாட்டேன், யார் வேணும்னாலும் துப்பாக்கியை எங்கே வேணும்னாலும் நீட்டலாம். ஆனால் ஓபன் சைட் எதையும் பெரிசாக்கிக் காட்டாது, அதனால் எட்டிப் பார்க்கத் தூண்டாது. ஸ்கோப் தூண்டும். எதையாவது பார்க்கணும்னால் பைனாகுலர் வாங்குங்க. அடையாளம் தெரியாததை நோக்கிக் குழல் திரும்பவே கூடாது. மச்சான் சொன்ன கடலைக்காட்டில் ராத்திரி அசையுறது பன்றியாகவும் இருக்கலாம், தண்ணி பாய்ச்ச வந்த பக்கத்துக் காட்டுக்காரராகவும் இருக்கலாம். இதைக் கேட்டதுக்கு அப்புறம்தான் மச்சான் அந்த மனுவைக் கொண்டு போய்க் கொடுத்தார்.

முடிவா என்ன செஞ்சோம்

மருமகன் ஓபன் சைட்டோடதான் பழகுறான். போட்டி முடிஞ்சதும் பீப் சைட்டுக்குப் போகணும்னு கிளப்பில் சொல்லியிருக்காங்க. ஓபன் சைட்டில் ஆரம்பிச்சால் மூச்சு, விசை இழுக்கிறது, கன்னத்தைக் கட்டையில் ஒரே இடத்தில் வைக்கிறது, எல்லாத் தப்பும் பேப்பரில் உடனே தெரியும். ஸ்கோப்பில் குறுக்குக்கோடு ஆடுறதைப் பார்த்துப் பயந்து, நடுவில் வர்ற நொடியில் விசையைப் பிடுங்குற பழக்கம் சுலபமா ஒட்டிக்கும். அப்புறம் அதை விடுறது பெரும்பாடு.

மச்சான் ஸ்கோப்பை வித்துட்டார். கிடைச்ச காசில் பாதிக்குப் பைனாகுலர் வாங்கிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை எல்லாருமா வேட்டங்குடிக்குப் போனோம். திருப்பத்தூர் பக்கம், 1977-லிருந்து பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க பறவைகள் மிரளக்கூடாதுன்னு தீபாவளிக்கும் வெடி போடுறதில்லை. மச்சான் ஒரு மணி நேரம் பைனாகுலரை யார்கிட்டேயும் கொடுக்கலை.

நான்? என் கண்ணுக்கு இனி ஓபன் சைட் சரிப்படாது. பீப் சைட்டில் கண்ணுக்கு ஏத்த லென்ஸ் மாட்டியிருக்கேன். முள் மறுபடியும் ஒண்ணாகத் தெரியுது.

வனத்துறைக்கு மனு எழுதுறது எப்படி, எதையெல்லாம் சேர்க்கணும்னு நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. அடுத்த எபிசோடில் மச்சானையே உட்கார வச்சுப் பேசலாம்னு இருக்கேன்.